ஜாக்கி மேல் நிற்கும் வீடுகள்

ஜூல்ஸ் வெர்ன் 1880இல் வெளியிட்ட 'நீராவி வீடு' என்னும் நாவலின் களம் இந்தியா. (அவர் இந்தியாவில் கால் வைத்ததேயில்லை என்பது வேறு செய்தி.) நீராவியால் இயங்கும் எஃகு யானை ஒன்று சக்கரங்கள் பூட்டிய இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து வடக்கே புறப்படுகிறது. முன் வீட்டில் துரைமார்கள். பின் வீட்டில் சமையற்கட்டும் பணியாட்களும். 1857 கிளர்ச்சி ஓய்ந்து பத்தாண்டுகளே ஆன நிலத்தில் இப்படியொரு உல்லாசப் பயணம்! கதையின் அரசியலை ஒதுக்கிவைக்கிறேன். என்னை உறுத்தியது மிகச் சிறிய விஷயம். பொழுது சாய்ந்ததும் அந்த வீடு எங்கேனும் நின்றாக வேண்டுமே? நின்ற தரை மேடுபள்ளமாக இருந்தால், துரையின் மேசையிலிருந்து கோப்பை நழுவாதிருக்க யார் எதை முட்டுக்கொடுத்திருப்பார்கள்?

மேலைநாடுகளில் ஓடும் வீட்டு வண்டிகளுக்கு, அதாவது நம் திரையுலகத்தார் கேரவன் என்றழைக்கும் வகைக்கு, இன்றும் தீராத தொல்லை இதுதான். சாய்ந்த படுக்கையில் உறக்கம் பிடிக்காது, குளியலறைத் தண்ணீர் வடியாது என்பவை யாரும் ஊகிக்கக்கூடியவை. குளிர்பதனப் பெட்டிக்கும் சாய்வு ஆகாது என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். இவ்வண்டிகள் பலவற்றில் இருப்பது கம்ப்ரஸர் இல்லாமல் வெப்பத்தால் இயங்கும் பெட்டி. ஸ்வீடனில் மாணவர்களாக இருந்த பிளாட்டனும் முன்டர்ஸும் 1922இல் கண்டது. அதற்குள் அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே வடிந்து சுற்றிவருகிறது. வண்டி நெடுநேரம் சாய்ந்து நின்றால் அந்தச் சுழற்சி தடைப்பட்டுப் பெட்டியே பாழாகும்.

ஆகவே மூலைக்கொன்றாக நான்கு ஜாக்கிகள். முன்பெல்லாம் பலகைகளை அடுக்கிச் சக்கரத்தை அவற்றின்மேல் ஏற்றி நிறுத்தினார்கள். பிறகு கைப்பிடியால் சுழற்றும் திருகு ஜாக்கி வந்தது. இப்போது 12 வோல்ட் மோட்டார் கொண்ட ஜாக்கிகளை வாங்கி, வண்டியின் அடிச்சட்டத்தில் தாமே போல்ட் போட்டு இறுக்கிக்கொள்பவர்கள் உண்டு. மோட்டார் பல்சக்கரத்தைச் சுற்ற, அது திருகைச் சுற்ற, கால் தரையில் இறங்குகிறது. நெருக்கமான புரிகள் கொண்ட திருகு, மேலிருந்து அழுத்தும் பாரத்தால் பின்னோக்கிச் சுழலாது. மின்சாரம் நின்றாலும் வண்டி நின்றபடி நிற்கும். ஒரு மூலையை மட்டும் உயர்த்தினால் அடிச்சட்டம் முறுக்கிக்கொள்ளும் என்பதால் இரண்டிரண்டு கால்களாக ஏற்றுகிறார்கள். கைப்பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. மட்டம் பார்க்கும் ஆர்வத்தில் அவற்றைத் தரையிலிருந்து கிளப்பிவிட்டால், வண்டி ஜாக்கிகளோடு நழுவத் தடையேதுமில்லை.

'ஜாக்' என்பது ஆங்கிலத்தில், நம் ஊர் முனியன், கந்தன் போல, சாதாரணர் எவருக்கும் இடப்பட்ட பெயர். எடுபிடி ஆளைக் குறிக்கும் பொதுப்பெயராகவும் அது வழங்கியது. அந்த ஆள் செய்யவேண்டிய வேலையைச் செய்த கருவிகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. காலணியைக் கழற்ற ஒரு ஜாக், இறைச்சியைத் தணலில் திருப்ப ஒரு ஜாக், பாரம் தூக்க ஒரு ஜாக். தமிழில் நாம் அதை ஜாக்கி என்று செல்லமாக்கிக்கொண்டோம்.

இந்த ஜாக்கி ஒரு நகரையே தூக்கிய இடம் சிகாகோ. மிச்சிகன் ஏரியின் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலிருந்த சேற்றுநிலத்தில் எழுந்த ஊர் அது. கழிவுநீர் வடிய வழியில்லை. 1854இல் காலரா கொத்துக்கொத்தாக உயிர்களைக் கொண்டுபோன பின், சாக்கடைக் குழாய்களை அமைத்து அவற்றின்மேல் மண்ணிட்டுத் தெருக்களை உயர்த்த முடிவாயிற்று. தெரு உயர்ந்தால் வீடு பள்ளத்தில் அகப்படும். எனவே வீடுகளையும் உயர்த்தினார்கள். 1860இல் லேக் தெருவில் ஒரு வரிசைக் கட்டடங்கள் முழுவதையும் 6,000 திருகு ஜாக்கிகள் மேல் ஏற்றி, 600 பேர் சீராகத் திருகி, 5 நாட்களில் 4 அடிக்கு மேல் உயர்த்தினர். அவ்வளவு நாளும் கடைகளில் வியாபாரம் நின்றபாடில்லை.

இவ்வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுத்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் புல்மன். ஆம், ரயிலில் உறங்கிக்கொண்டே பயணம் செய்யும் பெட்டிகளால் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற அதே புல்மன்தான். வீடுகளை ஜாக்கியில் ஏற்றிய கையே வீட்டைச் சக்கரத்திலும் ஏற்றியது. அப்பெட்டிகளில் படுக்கை விரிக்கவும் செருப்புத் துடைக்கவும் அவர் அமர்த்தியவர்கள் கறுப்பினத்தவர்; தொடக்கத்தில் பலர் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டவர்கள். பயணிகள் அவர்கள் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள், முதலாளியின் பெயரால்! வேலையாளின் பெயர் கருவிக்குப் போனது ஒரு காலம் என்றால், முதலாளியின் பெயர் வேலையாளை விழுங்கியது இன்னொரு காலம்.

சிகாகோவில் 19ஆம் நூற்றாண்டில் நடந்தது திருவள்ளூர் மாவட்டத்தில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம் என ஏரிகளால் அறியப்படும் மண் இது. கொசஸ்தலையாறும் ஆரணியாறும் வடிகிற தாழ்நிலம். ஆவடியிலும், 2018 வரை இம்மாவட்டத்தில் இருந்த அம்பத்தூர்ப் பக்கத்திலும் படியேறி நுழைவதற்கென்று கட்டப்பட்ட பழைய வீடுகள் பலவற்றில் இன்று படியிறங்கித்தான் நுழையவேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தாரை ஊற்றி ஊற்றித் தெரு வளர்ந்துவிட்டது. மேற்பரப்பைச் சுரண்டிய பிறகே சாலையிட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் தமிழகத் தலைமைச் செயலாளர் உத்தரவிட வேண்டியிருந்தது. சிகாகோ திட்டமிட்டுத் தெருவை உயர்த்தியது. இங்கே எவரும் திட்டமிடாமலே அது உயர்ந்தது. பள்ளத்தின் பலனை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது.

வீட்டைத் தூக்கும் முறையில் பெரிய மாற்றமில்லை. சுவரோரம் தோண்டி, அடித்தளத்தைப் பகுதிபகுதியாக அறுத்து, ஒவ்வொரு பகுதியிலும் இரும்புச் சட்டமும் ஜாக்கியும் செருகுகிறார்கள். சுற்றிலும் செருகி முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே அளவாகத் திருகவேண்டும். ஓரிடத்தில் கை பிந்தினால் மேலே சுவர் விரியும். உயர்ந்த இடைவெளியைச் செங்கல்லால் அடைத்துக் கட்டியபின் ஜாக்கிகளை ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். வீட்டு வண்டியின் பொத்தானுக்குப் பின்னாலிருக்கும் அதே கணக்குத்தான். மோட்டாருக்குப் பதில் மனிதர்கள். அவர்களில் பலர் பீகார், உத்தரப்பிரதேசம் போன்ற வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். சென்னைப் புறநகரான சேலையூரில் 2023 மே மாதம் இவ்வாறு வீட்டை உயர்த்துகையில் சுவர் இடிந்து விழுந்து ஒரு வடமாநிலத் தொழிலாளி இறந்தார்.

வெர்னின் எஃகு யானை புறப்பட்ட நகருக்கு இன்று சென்னையிலிருந்து செல்லும் நெடுஞ்சாலை, கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் போகிறது. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் இழுவண்டியைக் கழற்றிவிட்ட டிரெய்லர்கள் முன்புறம் இரண்டு இரும்புக் கால்களை ஊன்றி நிற்பதைக் காணலாம். கைப்பிடியைச் சுழற்றி இறக்கும் கால்கள். நாம் அன்றாடம் பார்க்கும் சமன்செய் ஜாக்கி அதுதான், சமன் சரக்குக்கு. வாரக்கணக்கில் வண்டியிலேயே உண்டு உறங்கும் ஓட்டுநருக்கு, இப்போது புதிதாகத் தயாராகும் சரக்கு லாரிகளின் முன்னறையில் குளிர்சாதனம் கட்டாயமாகியிருக்கிறது. மட்டத்தைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. எளாவூர் சோதனைச்சாவடிக்கு முன்னால் சாலையோரச் சரிவில் இரவு லாரியை நிறுத்துகிறவர், பின்சக்கரத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிட்டு, மேட்டுப்பக்கம் எதுவென்று பார்த்து அங்கே தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறார்.