நந்தவனமும் பூக்களின் பருவமும்

ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, அவற்றுள் காரினை முல்லைக்கும் கூதிரைக் குறிஞ்சிக்கும் உரிமை செய்த தொல்காப்பிய நெறி தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. அப்பொழுதுகளைச் சங்கப் புலவர் பெரும்பாலும் பூக்களைக் கொண்டே உணர்த்துவர். குறுந்தொகை 66ஆம் பாட்டில், பருவமல்லாக் காலத்துப் பெய்த மழையைக் கார் என மயங்கிக் கொன்றை பூத்துவிட்டது எனக் கூறித் தோழி தலைவியை ஆற்றுவிக்கின்றாள். அங்குப் பூ பருவத்தின் அடையாளம். நட்டவர் யார், நீர் வார்த்தவர் யார் என்னும் வினாவுக்கு அப்பாட்டில் இடமில்லை. குறிஞ்சிப்பாட்டிலோ கபிலர் 99 பூக்களை அடுக்குகின்றார். வேனிற்குரிய பாதிரியும் காருக்குரிய கோடலும் தோன்றியும் ஆண்டு ஒரே பகலிற் கொய்யப்படுகின்றன. புலவர்க்கு அது கூடும். தோட்டம் செய்வார்க்குக் கூடாது.

கோயில் வழிபாடு பெருகியபோது இவ்வேறுபாடு நாள்தோறும் எதிர்ப்பட்ட இடர் ஆயிற்று. பூவோ பருவத்தில் வருவது. திருமாலையோ நாள் தவறாது வேண்டப்படுவது. நந்தவனத்தின் வரலாற்றை இம்முரணிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது எம் கருத்து. பெரியாழ்வார் வில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் வைத்து மாலைத் தொண்டு புரிந்தமையை வைணவ மரபு போற்றும். 12ஆம் நூற்றாண்டிற் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், திருப்புகலூர் முருக நாயனார் விடியுமுன் எழுந்து கோட்டுப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ என்னும் நால்வகையும் கொய்ததாகக் கூறுவர். இந்நால்வகையை வெறும் இலக்கணப் பாகுபாடாகக் கொள்ளுதல் போதாது. நீர்ப்பூவுக்குக் குளத்தில் நீர் நிற்றல் வேண்டும். முதுவேனிலிற் குளம் வற்றும். அக்காலத்தே ஆழ வேரோடிய மரம் கைகொடுக்கும். கிணற்று நீர் பாய்ச்சிய மல்லிகைக் கொடியும் பூக்கும். நான்கும் உடையவன் எப்பருவத்தும் வெறுங்கையனாக நில்லான்.

சைவ நூல்கள் கூறும் எட்டுப் பூக்களையும் இந்நோக்கிற் காணலாம். புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டம், நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை என்பன அவை. இவற்றுள் பாதிரி வேனிலுக்கே உரியது. வெள்ளெருக்கும் நந்தியாவட்டமும் அலரியும் ஏறக்குறைய ஆண்டு முழுதும் பூப்பன. எருக்குக்கோ எவரும் நீர் வார்ப்பதில்லை. தூய்மை பற்றிய கருத்தோடு தோட்டக்காரரின் பட்டறிவும் இவ்வரிசையிற் கலந்துள்ளது எனலாம்.

சோழர் கல்வெட்டுகளில் ‘திருநந்தவனப்புறம்’ என்பது நந்தவனத்துக்கென விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும். செங்கழுநீர் முதலிய பூக்கள் அவற்றுட் பெயர் சுட்டப்பெறுவதும் உண்டு. ஆயினும், தோட்டம் செய்வாரின் உணவுக்கும் உடைக்கும் வகுத்த ஏற்பாடே நம் கருத்தை ஈர்க்கின்றது. ஆனியிலும் ஆடியிலும் செடியைக் காத்தது ஏற்றம் இறைத்தவன் தோள் அன்றோ! தோட்டம் ஒன்றையே கோயில் நம்பியிருக்கவுமில்லை. முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், இறைவன் நீராடும் நீருக்கு மணமூட்ட ஏலமும் சண்பக மொட்டும் இலாமிச்சை வேரும் காசுப் பொலிசையால் வாங்க ஏற்பாடு செய்திருத்தல் காணப்படும்.

வேனிலில் நட்டுக் கூதிரிற் கொய்யும் பூவுக்குச் செவ்வந்தி சிறந்த சான்றாகும். பங்குனி முதல் ஆடி வரை மிகுதியாகப் பூக்கும் மல்லிகை, கூதிரில் ஓய்ந்துவிடும். அவ்விடத்தை நிரப்புவது செவ்வந்தி. ஆனி, ஆடித் திங்களில் அதன் பக்கக் கன்றுகளைப் பிரித்து நடுவர். பகல் நீண்டிருக்குங்காறும் அச்செடி இலையும் கிளையுமாய் வளரும். பகல் குறுகியபின்னரே மொட்டு வைக்கும். ஆதலின் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பூ வேண்டுவோன் வேனில் வெயிலிலேயே கன்றுக்கு நிழலும் நீரும் தேடியாதல் வேண்டும். இது காட்டிற் கண்டு கொய்யும் பூ அன்று. முன்னறிந்து வளர்க்கும் பூ.

சிராப்பள்ளித் தலவரலாற்றைக் கூறும் எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் இங்கு நினைக்கத் தக்கது. சாரமா முனிவர் நாகலோகத்துச் செவ்வந்தியைக் கொணர்ந்து நந்தவனம் வைத்தார். அப்பூவைக் களவு செய்து உறையூர் அரசனுக்கு ஒருவன் அளித்தான். இறைவன் மேற்கு நோக்கித் திரும்ப, உறையூர் மண்மாரியால் அழிந்தது என்பது கதை. இதனைக் கொண்டு உறையூரின் அழிவுக்குக் காலம் கணிக்க முற்படுதல் வீண் முயற்சியாகும். ஆனால், இப்பூ பிற உலகத்திலிருந்து வந்தது என்னும் கூற்றைப் புறந்தள்ள எமக்கு மனமில்லை. கபிலர் அடுக்கிய பூக்களிடையே செவ்வந்தி இல்லை; சீன நாட்டில் நெடுங்காலமாகப் பேணி வளர்க்கப்பட்ட இனம் அது. வந்தேறிய செடி என்னும் மங்கிய நினைவே கதையில் நாகலோகமாக உருப்பெற்றிருக்கலாம். களவாடத் தக்க அருமை அதற்கு இருந்தமையும் கதையால் விளங்கும்.

1492க்குப் பின்னர் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள் கடல் கடந்து பரவின. சம்பங்கி, துலுக்கச் சாமந்தி, வாடாமல்லி ஆகிய மூன்றும் அவ்வழி வந்தனவே. இன்றைய மாலைகளிற் பருவ இடைவெளியை அடைப்பன பெரும்பாலும் இவையே. புதியவற்றுக்கு மக்கள் பழம்பெயர்களையே திரித்து வழங்கினர். துலுக்கச் சாமந்தி என்னும் பெயரில் அடைமொழி இருத்தலின் மயக்கம் இல்லை. சம்பங்கி அத்தகையது அன்று. பழைய நூல்களிற் சண்பகம் என வருமிடத்து இன்றைய சம்பங்கியைப் பொருளாகக் கொள்ளுதல் பிழையாம். சம்பங்கி மெக்சிக்கோ நாட்டுக் கிழங்குச் செடி. சண்பகமோ கபிலர் பாட்டிலேயே இடம்பெற்ற மரம். தஞ்சைக் கோயிலில் நீராட்டு நீருக்கு மணமூட்டியது அம்மரத்தின் மொட்டே.