ஓசூரில் வெளிவராத வண்டிகள்

ஓசூரில் வெளிவராத வண்டிகள் என்ற இத்தலைப்பின்கீழ் அடங்குபவை, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி வட்டாரத் தொழிற்சாலைகளோடு சம்பந்தப்பட்ட இருசக்கர வாகன வரிசைகளில், கண்காட்சி மேடை ஏறியும் கடைவீதிக்கு வராமற்போனவையும், வருமென்று பிரஸ்தாபிக்கப்பட்டுப் பின்பு கைவிடப்பட்டவையும், வதந்தியாகப் பிறந்து வதந்தியாகவே நின்றவையுமான மாதிரிகளாம். இவற்றுள் பெரும்பங்கு டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தைச் சார்ந்தது. அதிலும் 2005-இல் தொடங்கி இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட அப்பாச்சி வரிசையைச் சுற்றி எழுந்த எதிர்பார்ப்புகளும் ஏமாற்றங்களும் தனியே ஒரு சரித்திரமாக எழுதத்தக்கவை.

இருவர் அமரத்தக்க மொபெட்டான டி.வி.எஸ். 50 ஓசூர் ஆலையிலிருந்து 1980-இல் வெளிவந்தது. 1982-இல் ஜப்பானியச் சுசுகி நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஏற்பட்டு, 1984-இல் 100 சி.சி. மோட்டார் சைக்கிள் தயாராகத் தொடங்கியது. அந்தக் கூட்டுறவு நீடித்த காலத்தில் மோட்டார் சைக்கிளுக்குரிய யந்திர ஞானம் பெரும்பாலும் ஜப்பானிலிருந்தே வந்தபடியால், அடுத்து வரப்போவது இன்னதென்று ஊகிக்க விரும்பியவன் சுசுகியின் பட்டியலைப் புரட்டினாலே போதுமானதாயிருந்தது. 2001-இல் இரு நிறுவனங்களும் பிரிந்து, அதே ஆண்டில் விக்டர் என்னும் வண்டி சொந்த முயற்சியில் உருவான பிறகே, பல மாதிரிகளைச் செய்து பார்த்துச் சிலவற்றைத் தள்ளிவிடும் வழக்கம் ஓசூரில் வேரூன்றியது. கைவிடப்பட்ட வண்டி என்னும் வகையே இங்கே அந்தப் பிரிவினையின் சந்ததி என்று சொல்வது மிகையாகாதென்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

அவ்வகையில் முதலில் நினைக்கத்தக்கது, வடிவம் அப்படியே இருக்க உள்ளிருந்த யந்திரம் மட்டும் நியாயஸ்தலத்தில் நின்றுபோன ஃபிளேம் 125 ஆகும். 2007 டிசம்பரில் அறிமுகமான இவ்வண்டியின் யந்திரத்தில் மூன்று வால்வுகளும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளும் இருந்தன. சிறு யந்திரத்தில் இரட்டைப் பிளக்குகளைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை தன்னுடையதென்று பஜாஜ் ஆட்டோ வழக்காட, 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஒரு வண்டியை அறிமுகம் செய்துவிட்டு, முகவர்களை ஆயத்தப்படுத்திவிட்டு, அதன் பிறகு நிறுத்துவது எந்த ஆலைக்கும் தாங்கவொண்ணாத காரியமாதலால், ஒரே பிளக்குடன் திருத்தியமைத்த யந்திரத்தோடு அடுத்த மாதமே ஃபிளேம் விற்பனைக்கு வந்தது. 2009 மே மாதத்தில் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கணக்கு வைத்துக்கொண்டு விற்கலாமென்று அனுமதித்ததோடு, இத்தகைய அறிவுச் சொத்து வழக்குகளைச் சாதாரணமாக நான்கு மாதங்களுக்குள் முடிக்க வேண்டுமென்றும் அறிவுறுத்தியது. இரு தரப்பாரும் சமாதானமானது 2019-இல்தான். மக்கள் மனத்தில் ஃபிளேம் பதிய வேண்டிய தொடக்க மாதங்கள் வழக்கிலேயே கழிந்துவிட்டதால், தீர்ப்பு கிடைத்தும் வண்டிக்கு ஆயுள் கிடைக்கவில்லை.

ஆட்டோ எக்ஸ்போ கண்காட்சிகளில் ஓசூர்க்காரர்கள் வைத்த கருத்து மாதிரிகளின் கதை இதனினும் வேறு. 2014-இல் டிராக்கன் என்ற 250 சி.சி. மாதிரியும், கிராஃபைட் என்ற ஸ்கூட்டர் மாதிரியும் காட்டப்பட்டன. இரண்டும் அந்த ரூபத்தில் வரவில்லை. 2013 ஏப்ரலில் பி.எம்.டபிள்யூ. மோட்டார்ராட் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக 313 சி.சி. அளவிலான புதிய யந்திரம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தபோது, 250 சி.சி.க்குத் தனியே ஒரு வாழ்வு அமையாமற் போனதில் வியப்பில்லை. அந்தப் புதிய யந்திரமோ விசித்திரமானது: சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், காற்று முன்புறமாக உட்புகும், புகைக்குழாய் பின்புறமாக இறங்கும். இவ்வமைப்பையே கொண்டு, கார்பன் இழை உடலோடு 2016-இல் காட்டப்பட்ட அக்குலா 310, உடலைச் சாதாரண பிளாஸ்டிக்குக்கு மாற்றிக்கொண்டு, பெயரையும் இழந்து, 2017 டிசம்பர் 6-ஆம் நாள் அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்று வெளியிடப்பட்டது. அக்குலா கைவிடப்பட்டதா, வெளிவந்ததா என்று கேட்பவர்க்கு இரண்டும் உண்மையே என்றுதான் பதில் சொல்ல வேண்டும். அதே 2016 கண்காட்சியில் 210 என்னும் எண்ணைத் தாங்கி நின்ற என்டார்க் ஸ்கூட்டர், 2018-இல் 125 சி.சி. யந்திரத்தோடு வந்தபோது பெயரை மட்டும் காப்பாற்றிக்கொண்டு சக்தியைத் துறந்திருந்தது.

2018 கண்காட்சியின் செப்பலின் என்ற குரூசர் மாதிரியே இவ்வரிசையில் மிகுந்த ஆசையைக் கிளப்பி மிகுந்த ஏமாற்றத்தைத் தந்ததென்று கருதலாம். தாழ்ந்த இருக்கையும் நீண்ட உடலும் கொண்ட அவ்வண்டியில் 220 சி.சி. யந்திரத்தோடு, புறப்படும்போது துணைவேகம் தரவும், தேவையில்லாதபோது பாட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பியளிக்கவும் வல்ல 1.2 கிலோவாட் மின்மோட்டார் ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. இந்தக் கலப்பு யந்திரம் விற்பனைக்கு வந்திருக்குமாயின் இந்திய மோட்டார் சைக்கிள் உலகில் ஒரு புது வழி திறந்திருக்கக்கூடும். வரவில்லை. 2022 ஜூலையில் ரோனின் என்ற பெயரில் 225 சி.சி. வண்டி வந்தபோது, அதைச் செப்பலினின் வாரிசென்று பலர் கொண்டாடினரேனும், மின்மோட்டார் அதில் இல்லை, குரூசருக்குரிய சயன பாவனையும் இல்லை. செப்பலினோடு பக்கத்து மேடையில் நின்ற கிரியான் என்ற மின் ஸ்கூட்டருக்கு 12 கிலோவாட் மோட்டாரும், ஒருமுறை மின்னேற்றினால் 80 கிலோமீட்டர் ஓடும் திறனும் உண்டென்று சொல்லப்பட்டது. அதன் உருவச் சாயல் 2023 ஆகஸ்டில் துபாயில் வெளியிடப்பட்ட டி.வி.எஸ். எக்ஸ் ஸ்கூட்டரில் தெளிவாகப் புலப்படுகிறது.

நெடுங்கால வரிசைகளில் ஒரு படைப்பு பெயர் மாறி மறுபிறப்பெடுப்பது மோட்டார் உலகுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. வீடியோ விளையாட்டு ரசிகர்கள் 2006-இல் அறிவிக்கப்பட்ட ஃபைனல் ஃபேண்டஸி வெர்சஸ் 13 என்பதற்காகக் காத்துக் காத்து, 2013-இல் அது பதினைந்தாம் பாகமாகப் பெயர் மாற்றப்பட்டதைக் கேட்டு, 2016-இல்தான் கையில் வாங்கினர். ஓசூரில் இத்தகைய காத்திருப்புக்கு எண்ணெய் வார்ப்பவை வர்த்தக முத்திரைப் பதிவுகள். 2000-ஆம் ஆண்டின் 150 சி.சி. வண்டியான ஃபியரோவின் பெயரை, ஃபியரோ 125 என்று 2020-இல் நிறுவனம் பதிவு செய்ய முற்பட்டதும், பழைய ஃபியரோவில் கல்லூரி போய்வந்தவர்கள் நெஞ்சு குளிர்ந்தனர். ஆனால் 2021 செப்டம்பரில் வந்த 125 சி.சி. வண்டி ரைடர் என்று பெயர் பூண்டிருந்தது. ரெட்ரான், செப்பலின் ஆர் என்ற பெயர்களும் அக்காலத்தில் பதிவேட்டில் அடிபட்டவையே. பிள்ளை பெறுமுன் பெயர் வைத்த கதையாக அவை நின்றன.

வதந்தி இவ்வூரில் எளிதில் பிறப்பதற்குப் பூகோளமும் ஒரு காரணம். தேசிய நெடுஞ்சாலை 44 நகரின் ஊடே செல்கிறது. அத்திப்பள்ளியை எட்டினால் கர்நாடகம். மோட்டார் பத்திரிகையாளரும் புகைப்படப் பித்தர்களும் நிறைந்த பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். கறுப்பும் வெள்ளையுமான சுழிக்கோலத் தாள் போர்த்தி, விளக்கையும் டாங்கியையும் பொய் மூடிகளால் மறைத்து, சிவப்பு எண்பலகையோடு செல்லும் டெஸ்ட் வண்டி ஒன்று தேநீர்க் கடையோரம் நின்றால், ஓட்டுநர் டீயை முடிப்பதற்குள் கைப்பேசிகள் அதைச் சுற்றி வந்துவிடும். அப்படங்களை ஆராய்வோர் சக்கரத்தின் ஆரங்களையும் புகைக்குழாயின் வளைவையும் பார்த்தே வண்டியின் ஜாதகத்தைக் கணித்துவிடுவர். கணிப்புகள் எப்பொழுதும் பொய்த்துவிடுவதில்லை. நெடுநாள் பேசப்பட்ட சாகசப் பயண வண்டி, 299 சி.சி. யந்திரத்தோடு அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300 என்று 2025 அக்டோபரில் வந்தது. எழுதப்பட்ட வதந்தியைவிட நம்பத்தக்கது சிப்காட் வட்டாரத்து உதிரிபாகப் பட்டறைகளின் மௌனம் எனலாம்: பரீட்சார்த்தமாகச் சில நூறு உருப்படிகள் செய்து கொடுத்த வெண்டாருக்கு அடுத்த ஆர்டர் வராவிட்டால், பத்திரிகைக்குத் தெரியுமுன்பே அவருக்கு விஷயம் விளங்கிவிடும்.

மின்வாகனங்களின் வருகையால் இப்பட்டியல் மேலும் நீண்டது. ஏதர் நிறுவனம் 2021-இல் ஓசூருக்கு ஆலையைக் கொண்டுவருமுன், பெங்களூரில் 2016-இல் காட்டிய எஸ் 340, 2018-இல் 340, 450 என இரண்டாகப் பிரிந்து வந்தது; வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் 450-ஐயே நாடியதால், எல்லாவற்றுக்கும் மூலமான 340 அடுத்த ஆண்டே நிறுத்தப்பட்டது. சூளகிரியில் 2023 ஜனவரியில் ஆலை திறந்த சிம்பிள் எனர்ஜியின் ஒன் ஸ்கூட்டர், 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு 2023 ஜூன் மாதத்தில்தான் வாங்கியவர் வீடு சேர்ந்ததால், இடைக்காலத்தில் அதையும் கைவிடப்பட்டவற்றோடு சேர்த்துவிட்டவர் உண்டு. போச்சம்பள்ளியில் ஆலை அமைத்த ஓலா எலக்ட்ரிக், 2022 ஆகஸ்டு 15-இல் ஒருமுறை மின்னேற்றினால் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் காரொன்றை 2024-இல் தருவதாக அறிவித்து, அந்த 2024-இலேயே இருசக்கர வாகனங்களில் கவனம் செலுத்துவதற்காக அத்திட்டத்தை ஒதுக்கிவைத்தது. 2023 ஆகஸ்டு 15-இல் அது காட்டிய டைமண்ட்ஹெட், அட்வெஞ்சர், ரோட்ஸ்டர், குரூசர் ஆகிய நான்கு மோட்டார் சைக்கிள் மாதிரிகளுள் 2025-இல் சாலைக்கு இறங்கியது ரோட்ஸ்டர் பெயர் தாங்கியதே.

இப்பொழுது ஓசூர் வதந்திகளில் தலைமை ஸ்தானம் வகிப்பது 450 சி.சி. இரட்டைச் சிலிண்டர் யந்திரம். 2024-இல் மிலான் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ. காட்டிய எஃப் 450 ஜி.எஸ். மாதிரிக்குரிய அந்த யந்திரம் டி.வி.எஸ். கூட்டுறவில் உருவானதாதலால், 310 விஷயத்தில் நடந்ததைப் போலவே அப்பாச்சி வரிசையிலும் அது வந்து சேருமென்று ரசிகர்கள் கணக்கிடுகின்றனர்.