இசை நிகழ்த்துரிமைக் கட்டணம்

உணவகம், மதுக்கூடம் போன்ற இடங்களில் பதிப்புரிமையுள்ள பாடல்களை நேரடியாகப் பாடவோ வாசிக்கவோ செலுத்தும் உரிமத் தொகை. பாடகரின் சம்பளம் வேறு. இக்கட்டணம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர்வது. பொதுவாக இடத்தை நடத்துபவரோ நிகழ்ச்சி ஏற்பாட்டாளரோ கட்டுவார்.

1847-இல் பாரிஸின் அம்பாசதர் காஃபேயில் தம் பாட்டு ஒலித்ததைக் கேட்ட பாடலாசிரியர் ஏர்னஸ்ட் பூர்ஷே, பாட்டுக்குக் காசு தராத கடைக்குத் தாம் குடித்த சர்க்கரைத் தண்ணீருக்கும் காசில்லை என்றார். இதையொட்டிய வழக்கில் வென்றார். 1851-இல் சாசெம் என்னும் வசூல் சங்கம் உருவானது.

இந்தியாவில் 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்னும் சங்கம் இக்கட்டணத்தை வசூலிக்கிறது. படைத்தவர் மறைந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடியும்; அதனால் 1847-இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனைகளுக்குக் கட்டணமில்லை.