கல்லீரலும் சர்க்கரையும்: ஒரு மருத்துவ வரலாறு

இறைச்சி மட்டுமே உண்ட விலங்கின் கல்லீரலிலும் சர்க்கரை இருப்பதை 1848இல் பாரிஸில் கண்ட குளோத் பெர்னார், அவ்வுறுப்பே அதை உண்டாக்குகிறது என்று நிறுவினார். ஆயினும் 1889இல் கணையம் அகற்றப்பட்ட நாய்க்கு நீரிழிவு வந்தபின், ஆய்வாளரின் கவனம் கணையத்தின் பக்கமே திரும்பியது. கல்லீரலுக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு பின்னர் வேறொரு வழியில் தெரியவந்தது. மது அருந்தாதவரின் கல்லீரலில் கொழுப்பும் அழற்சியும் தென்பட்டால், அவர் குடிப்பழக்கத்தை மறைப்பதாக மருத்துவர்கள் ஐயுற்றது பெரும் அநீதியாகும். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் யூர்கன் லுட்விக் குழுவினர் 20 நோயாளிகளின் கல்லீரல் திசுக்களை ஆராய்ந்து, குடியின்றியும் இந்நோய் வரும் என்றும், அவர்களுள் பலருக்கு உடற்பருமனும் நீரிழிவு போன்ற நோய்களும் இருந்தன என்றும் 1980இல் பதிவுசெய்தனர். கொழுப்பேறிய கல்லீரல், சர்க்கரை வெளியீட்டைக் கட்டுப்படுத்தும் கணையச் சுரப்பான இன்சுலினுக்குச் சரிவரப் பணிவதில்லை என்பதும், அதை ஈடுசெய்ய மிகுதியாகச் சுரக்கும் கணையம் நாளடைவில் தளர்ந்தால் நீரிழிவு தோன்றும் என்பதும் படிப்படியாகவே தெளிவாயின.