பயணத் தடைப் பட்டியலில் பெயரா? தரகரிடம் பணம் கொடுக்கும் முன்...

பழனியில் பேரனுக்கு முடி இறக்கக் குடும்பமே திருச்சிக்குப் புறப்படுகிறது. விமான நிலையத்தில் நால்வர் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டிவிடுகிறார்கள். தாத்தாவை மட்டும் நிறுத்தி, "உங்கள் பெயரில் தடை இருக்கிறது" என்கிறார் அதிகாரி. அவருக்கே அப்போதுதான் விஷயம் தெரிகிறது. டிக்கெட் பணம் போகிறது. அடுத்த வாரமே, "குடிநுழைவில் நம்ம ஆள் இருக்கிறார், மூவாயிரம் வெள்ளி கொடுத்தால் பெயரை எடுத்துவிடலாம்" என்று ஒருவர் வீடு தேடி வருகிறார்.

அந்த மூவாயிரம் வெள்ளி எதற்கும் உதவாது. காரணம் எளிது. மலேசியக் குடிமக்கள் வெளிநாடு செல்வதற்கான தடைகளில் பலவற்றைக் குடிநுழைவுத் துறை தானாகப் போடுவதில்லை. வேறொரு அரசாங்க நிறுவனமோ நீதிமன்றமோ கேட்டுக்கொள்வதால் பெயர் கணினியில் ஏறுகிறது. ஏற்றச் சொன்னவர்தான் இறக்கவும் சொல்ல வேண்டும். குடிநுழைவில் யாரைத் தெரிந்திருந்தாலும் வருமான வரி பாக்கி தீராது.

ஆகவே முதல் வேலை, தடை உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது. குடிநுழைவுத் துறையின் எஸ்எஸ்பிஐ இணையப் பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து மலேசியர்கள் இலவசமாகப் பார்க்கலாம். துறையின் அதிகாரப்பூர்வ இணையத்தளம் வழியாகவே அந்தப் பக்கத்துக்குப் போவது நல்லது. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தொட வேண்டாம். இணையம் பழக்கமில்லாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கலாம். டிக்கெட் எடுக்கும் முன்பே பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். தடை இருப்பதாகக் காட்டினால், அடையாள அட்டையுடன் அருகிலுள்ள குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய், எந்த நிறுவனம் கேட்டுப் போட்ட தடை என்று விசாரிக்க வேண்டும்.

வருமான வரி வாரியம் என்று பதில் வந்தால், அது 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 104ஆவது பிரிவின்படி போட்ட தடையாக இருக்கும். வரி பாக்கி உள்ளவர் அதைக் கட்டாமல் நாட்டைவிட்டு வெளியேறாதபடி தடுக்கும் பிரிவு இது. பாக்கி முழுவதும் கட்டப்பட்டது, அல்லது அதற்குரிய உத்தரவாதம் கொடுக்கப்பட்டது என்று வாரிய அதிகாரி எழுத்தில் கொடுத்தால், அவரை வெளியே விட அதுவே போதுமானது என்று அதே பிரிவு சொல்கிறது. எனவே கோப்பு இருக்கும் வரி அலுவலகத்துக்கு நேரில் போய், மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை பற்றிப் பேச வேண்டும். கடிதம் கிடைத்ததும் ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டு, மூலத்தை விமான நிலையத்துக்குக் கையோடு கொண்டு போவது நல்லது. கணினியில் பெயர் நீங்கிவிட்டதா என்று பயணத்துக்குச் சில நாள் முன்பு மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

திவால் என்றால் மலேசிய நொடிப்புத் துறைக்குப் போக வேண்டும். கார் கடனுக்கு யாருக்கோ கையெழுத்துப் போட்டு மாட்டியவர்கள் நம்மில் ஏராளம். திவால் வழக்குக்கான கடன் வரம்பு ஒரு காலத்தில் 30,000 ரிங்கிட்டாக இருந்தது. 2017இல் 50,000 ஆகவும் 2020இல் 100,000 ஆகவும் உயர்ந்தது. வரம்பு உயர்ந்ததால் பழைய வழக்குகள் தானாக மறைந்துவிடவில்லை. திவாலானவர் நொடிப்புத் துறைத் தலைமை இயக்குநர் அல்லது நீதிமன்றத்தின் அனுமதியோடு மட்டுமே வெளிநாடு போகலாம். சாவு, சிகிச்சை, நேர்த்திக்கடன் எதுவானாலும், தன் கோப்பைக் கவனிக்கும் கிளையில் முன்கூட்டியே மனு கொடுக்க வேண்டும்.

தொழிலாளர்களின் இபிஎஃப் சந்தாவைக் கட்டாத முதலாளிகளுக்கும் தடை வரும். பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கான தடையை அரசாங்கம் 2018இல் நீக்கியது. அது பற்றி அவ்வப்போது பேச்சு எழுவதால், காதில் விழுந்ததை நம்பாமல் எஸ்எஸ்பிஐ பக்கத்தைப் பார்ப்பதே சரி.

"மேலே கொடுக்க வேண்டும்" என்று தரகர் கேட்கும் பணம் லஞ்சம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி வாங்குபவரைப் போலவே கொடுப்பவரும் குற்றவாளி. 20 ஆண்டு வரை சிறையும், லஞ்சத் தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் உண்டு. ஏமாந்தவர்கள் பலர் புகார் செய்யாமல் இருப்பதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். தரகருக்கும் அது தெரியும்.

தமிழ்நாட்டு மருமகன், இலங்கை உறவினர் போன்ற வெளிநாட்டவர் கதை வேறு. விசா காலம் தாண்டித் தங்கி, பிடிபட்டு அனுப்பப்பட்டவரை உள்ளே வரவிடாமல் தடுப்பது குடிநுழைவுத் துறையே. எஸ்எஸ்பிஐ சோதனை இவர்களுக்கு அல்ல. இங்கே இருக்கும் மனைவி, திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வெளியேற்றப்பட்டபோது கொடுத்த தாள்கள் ஆகியவற்றுடன் துறைக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதலாம். நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும். முடிவு துறையின் விருப்புரிமைக்கு உட்பட்டது. நீதிமன்றத்தில் மறு ஆய்வு கேட்கும் வாய்ப்பையும் குடிநுழைவுச் சட்டத்தின் 59ஏ பிரிவு மிகவும் சுருக்கிவிட்டது. அதனால் "நிச்சயம் முடித்துத் தருகிறேன்" என்று யார் சொன்னாலும், அவர் வழக்கறிஞராகவே இருந்தாலும், நம்புவதற்கில்லை.

இவர்களிடம் சொல்லப்படும் இன்னொரு யோசனை, பெயரைக் கொஞ்சம் மாற்றிப் புதுக் கடப்பிதழ் எடுப்பது. மிக ஆபத்தானது இதுதான். 2011 ஜூன் முதல் நுழைவாயில்களில் வெளிநாட்டவரின் கைரேகை பதிவாகிறது. கடப்பிதழில் பெயர் மாறலாம், விரல் மாறாது. வெளியேற்றப்பட்டவர் சட்டவிரோதமாகத் திரும்பி வந்தால் 36ஆவது பிரிவின் கீழ் 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, ஆறு வரை பிரம்படி காத்திருக்கிறது.

பணம் கட்டச் சொல்லும் கணக்கு தனி நபர் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசாரின் 'செமாக் மியூல்' பக்கத்தில் சோதிக்கலாம். இணையப் பரிமாற்றம் செய்து ஏமாந்துவிட்டால், தாமதிக்காமல் 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணுக்கும் வங்கிக்கும் அழைத்து, பிறகு ரசீது, வாட்ஸ்அப் உரையாடலுடன் போலீஸ் நிலையத்தில் புகார் செய்யலாம். உரையாடலை அழித்துவிட வேண்டாம். வழக்கறிஞருக்கு வசதி இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ ஆலோசனை கேட்கலாம்.