ஆனையூருக்கு ஒரு ஆறு கிலோ சங்கிலி

பைக், சங்கிலி, மதுரை. இந்த மூணு வார்த்தையையும் சேர்த்து இணையத்துல தேடிப் பாருங்க. பைக்ல வந்து கழுத்துச் சங்கிலியை அறுத்துட்டுப் போன செய்திகள்தான் வரிசையா வந்து விழும். பைக்கையே சங்கிலி போட்டுக் கட்டணும்னு அலையறவனுக்கு ஒரு வரி கிடைக்காது. நான் அந்த ரெண்டாவது ரகம் :-)

எங்க வீட்டு வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. இந்தியாவுல 1985 முதல் 1996 வரைக்கும் வந்த வண்டி. அப்பா 1994ல வாங்கினார். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டதால, சீனியாரிட்டில எனக்கு அண்ணன். இப்போ புதுசு வராது, ஆனா தேடி அலையற ஆட்கள் ஏராளம். முழு வண்டியா விக்க முடியலைன்னாலும் சைலன்சர் தனியா, இன்ஜின் தனியா விலை போகும். அதாவது வயசு ஆக ஆக திருடனுக்குப் பிரியம் கூடிக்கிட்டே போற வண்டி.

நாங்க இருக்கறது ஆனையூர். தனி நகராட்சியா இருந்து 2011ல மதுரை மாநகராட்சியோட சேர்ந்த பகுதி. எங்க வீட்டு வாசல்ல நாலு படி. வண்டியை உள்ளே ஏத்த வழியில்லை, தெருவுலதான் நிக்கும். போன வருஷம் எங்க வீட்டுக்கு மூணாவது வீட்டுப் பையனோட வண்டி ராத்திரியோட ராத்திரியா காணாமப் போச்சு. சைடு லாக் போட்டுத்தான் வெச்சிருந்தான். காலையில தெருவுல ஒரு எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம். எங்கப்பா அதை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "திண்டுக்கல் பூட்டு ஒண்ணு வாங்கிப் போடுடா"ன்னார்.

அந்த ஒரு வரிதான் என்னை இந்த ஆராய்ச்சியில இறக்கி விட்டது. கொஞ்சம் பெரிய கொசுவர்த்தியாவே சுத்திக்கறேன், ஒரு இருநூறு வருஷத்துக்கு.

பைக் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்துல திருடு போனது மாடு. உழவு மாடு போனா அந்த வருஷ வெள்ளாமை போச்சு. அதுக்கு பூட்டு எங்கே போடறது? அப்போ இருந்த ஏற்பாடு 'காவல்'. ஊர் சேர்ந்து காவல்காரருக்கு வருஷக் கூலி கொடுக்கும், தானியமாவோ பணமாவோ. பொருள் திருடு போனா அவர் மீட்டுத் தரணும், இல்லைன்னா ஈடு கட்டணும். இதோட இன்னொரு பக்கம் 'துப்புக்கூலி'. மாடு காணோம்னா, துப்பு சொல்றேன்னு ஒருத்தர் வருவார். பேசின பணம் கைமாறினதும் மாடு ஏதோ ஒரு இடத்துல கட்டிக் கிடக்கும். 1906ல வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியர்ல டபிள்யூ. பிரான்சிஸ் இதைப் பத்தி எழுதியிருக்கார். வெள்ளைக்கார அதிகாரியோட கண்ணாடி வழியா எழுதினது, அதை மனசுல வெச்சுக்கிட்டே படிக்கணும்.

இது பொற்காலம்னு நான் சொல்ல வரலை. கூலி கொடுக்காத ஊர்ல மாடு காணாமப் போறதும் நடந்திருக்கு. 1896ல திண்டுக்கல் பக்கத்து ஊர்க்காரங்க காவல் முறைக்கு எதிராவே கிளம்பினாங்க. அது சில இடங்கள்ல அடிதடியாவும் தீவைப்பாவும் முடிஞ்சது. அப்புறம் அரசாங்கம் செஞ்சது அதைவிடக் கொடுமை. குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஒரு சமூகத்துல பொறந்த அத்தனை பேரையும் குற்றவாளின்னு கைரேகை எடுத்தாங்க. அதை எதிர்த்த ஜனங்க மேல 1920 ஏப்ரல் 3ம் தேதி பெருங்காமநல்லூர்ல போலீஸ் சுட்டதுல பலர் செத்துப் போனாங்க. சென்னை மாகாணத்துல அந்தச் சட்டம் ஒழிஞ்சது 1947லதான்.

இந்தக் கதையில இருந்து நான் எடுத்துக்கிட்டது ஒரே ஒரு விஷயம். அந்தக் காலத்துல பொருளைக் காத்தது ஒரு ஆள். தவறினா அவர் பதில் சொல்லணும். பூட்டுன்னு ஒண்ணு வந்தப்போ அந்த ஆளோட இடத்துல ஒரு இரும்பு வந்து உக்காந்துச்சு. இரும்பு யாருக்கும் பதில் சொல்லாது.

சரி, இரும்புக்கு வருவோம். எங்க ஏரியாவுக்குப் பக்கத்துல கூடல்நகர் ஸ்டேஷன். அந்த வழியா வடக்கே போற ரயில்ல ஏறினா ஒரு மணி நேரத்துல திண்டுக்கல். அங்கே பூட்டுத் தொழில் ஆரம்பிச்சு நூத்தம்பது வருஷம் ஆச்சுன்னும், சங்கரலிங்காச்சாரி சகோதரர்கள்தான் தொடங்கி வெச்சாங்கன்னும் சொல்வாங்க. மாங்காய் வடிவத்துல இருக்கற 'மாங்காய் பூட்டு' ரொம்பப் பிரசித்தம். 1957ல தொழிலாளர் கூட்டுறவு சங்கம் வந்தது. 2019ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஆனா குறியீடு வந்த நேரத்துல பட்டறைகள் குறைஞ்சு போயிருந்தது. அலிகார்ல இருந்து மெஷின்ல அடிச்ச மலிவுப் பூட்டு லோடு லோடா வந்து இறங்கினா, ஒவ்வொண்ணா ராவி ராவிப் பொருத்தற ஆசாரி எவ்வளவு நாள் தாக்குப் பிடிப்பார்?

திண்டுக்கல் பூட்டுக்குள்ள இருக்கறது லீவர் முறை. உள்ளே தகடு தகடா அடுக்கியிருக்கும். சாவி ஒவ்வொரு தகட்டையும் அதுக்குன்னு வெச்ச உயரத்துக்குத் தூக்கணும். குறைஞ்சாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. இந்த 'கூடினாலும்'ங்கற யோசனைக்கு 1778ல ராபர்ட் பேரன்ங்கற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கினார். 1818ல ஜெரமையா சப் இன்னொரு படி மேல போனார். தப்பான சாவி போட்டா பூட்டு மாட்டிக்கும், சொந்தக்காரனுக்கு யாரோ கை வெச்சிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடியே, 1790ல இருந்து, லண்டன்ல ஜோசப் பிராமாவோட கடை ஜன்னல்ல ஒரு பூட்டு சவால் விட்டபடி தொங்கிக்கிட்டு இருந்துச்சு. திறக்கறவங்களுக்கு 200 கினி பரிசு. அறுபது வருஷமா யாரும் திறக்கலை.

1851ல லண்டன்ல பெரிய கண்காட்சி. அமெரிக்காவுல இருந்து வந்த ஆல்ஃப்ரெட் சார்லஸ் ஹாப்ஸ், சப் பூட்டை 25 நிமிஷத்துல திறந்து காட்டினார். பிராமா பூட்டுக்கு 16 நாள்ல மொத்தம் 51 மணி நேரம் ஆச்சு. ஆனா திறந்துட்டார். திறக்கவே முடியாத பூட்டு தங்கிட்ட இருக்குன்னு நம்பிக்கிட்டு இருந்த ஊர் ஆடிப் போச்சு.

இதை நான் வேற மாதிரி பார்க்கறேன். நம்ம தொழில்லயும் இதான் கதை. எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்க முடியுமான்னு கேக்கறதில்லை, உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்னுதான் கேப்போம். பூட்டு வாங்கறதுன்னா நேரம் வாங்கறது. 25 நிமிஷமா, 51 மணி நேரமா, இல்லை ஒரு நிமிஷம் கூடத் தாங்காத சைடு லாக்கா?

பூட்டு நல்லா இருந்தா மட்டும் போதுமான்னா, அதுவும் இல்லை. 1970கள் தொடக்கத்துல அமெரிக்காவுல மைக்கேல் ஜேன் 'கிரிப்டோனைட்'ங்கற யு வடிவப் பூட்டைக் கொண்டுவந்தார். நியூயார்க்ல ஒரு சைக்கிளைக் கம்பத்தோட பூட்டி முப்பது நாள் விட்டு வெச்சாங்களாம். சைக்கிள்ல கழட்ட முடிஞ்ச பாகமெல்லாம் போச்சு, ஆனா பூட்டு அப்படியே இருந்துச்சு. கம்பெனிக்கு விளம்பரம் ஆச்சு. ஆர்எக்ஸ் 100 வெச்சிருக்கறவனுக்கு வயித்தைக் கலக்குச்சு! அதே கம்பெனியோட உருளைச் சாவிப் பூட்டுகளை 2004ல யாரோ ஒருத்தர் சாதாரண பால்பாயிண்ட் பேனாவோட குழாயை விட்டுத் திருகியே திறந்து காட்ட, லட்சக்கணக்குல பூட்டுகளை மாத்திக் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

அடுத்து சங்கிலி. டவுன்ல ஒரு இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கிலோ கணக்குல விப்பவர்.

"இருக்கறதுலயே தடியான சங்கிலி வேணும்ணே."

"எதுக்குத் தம்பி, ஆனைக்கா?"

"இல்லைண்ணே, பைக்குக்கு."

"எந்த ஊரு?"

"ஆனையூரு."

"அப்ப சரியாத்தான் கேட்டிருக்க."

கடையில தொங்கற சங்கிலி கப்பல் வம்சம். 1800களோட ஆரம்பத்துல சாமுவேல் பிரவுன்ங்கற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி, நங்கூரத்துக்குக் கயிறுக்குப் பதிலா இரும்புச் சங்கிலியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அந்த வம்சத்துச் சங்கிலி இழுவைக்குப் பொறந்தது. திடீர்னு பட்டுன்னு தெறிக்காம, கொஞ்சம் நீண்டு எச்சரிக்கை கொடுக்கணும்கறதால அதோட இரும்பு மெத்துன்னு இருக்கும். பளு தூக்க அது நல்ல குணம். திருடனோட போல்ட் கட்டருக்கும் அது நல்ல குணம்தான், வெண்ணெய் மாதிரி இறங்கும். பைக்குக்கு வேண்டியது சூடுபடுத்திக் கடினமாக்கின எஃகு. சோதிக்க எளிய வழி ஒரு புது அரம். மெத்துன இரும்புல அரம் கடிக்கும், கடினமாக்கினதுல வழுக்கிட்டு ஓடும்.

கனத்தோட கணக்கு இப்படி. சாதாரண குட்டைக் கண்ணிச் சங்கிலின்னு வெச்சா, 10 மி.மீ. கம்பியில செஞ்சது ஒரு மீட்டர் சுமார் 2.25 கிலோ. 13 மி.மீ. ஆனா சுமார் 3.8 கிலோ. 16 மி.மீ. கிட்டத்தட்ட 5.8 கிலோ. தடிமனோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கனம் ஏறுது. 10ல இருந்து 13ங்கறது பார்க்க மூணே மி.மீ., தோளுக்கோ முக்கால் மடங்கு கூடுதல். ஆனா கையில தூக்கிட்டு வர்ற சைஸ் கட்டரோட வாய்க்குள்ள 13 மி.மீ. கடின எஃகு லேசுல அடங்காது. கண்ணி வட்டமா இல்லாம சதுரமாவோ அறுகோணமாவோ இருந்தா பிடிக்கறது இன்னும் கஷ்டம். கிரைண்டர் வெச்சா? எதுவும் அறுபடும். ஆனா பொறி பறக்கும், தெருவே எழுந்திருக்கும். அதை நினைவுல வெச்சுக்குங்க, கடைசியில வருது.

கடைசியில 13 மி.மீ. கடினச் சங்கிலி ஒன்றரை மீட்டர் வாங்கினேன். பூட்டும் சேர்த்து ஆறு கிலோவைத் தாண்டிடுச்சு. பூட்டோட வளைவுக் கம்பி சங்கிலியை விட மெலிசா இருந்தா காசு தண்டம்ங்கறதால, அதுக்கும் தடியானதுதான். "திண்டுக்கல் பூட்டு இல்லையா?"ன்னார் அப்பா. சங்கிலிக் கண்ணிக்குள்ள நுழையணும், மழையில நனையணும், அதனால இதுக்கு வேற பூட்டு. ஆனா அவர் ஆசைக்காக திண்டுக்கல் போய் ஒரு மாங்காய் பூட்டும் வாங்கி வந்தேன். அது இப்போ மாடிக் கதவுல கம்பீரமா தொங்குது.

தூக்கிட்டுப் போறதுதான் உண்மையான சோதனை. முதல் நாள் சினிமா ரவுடி மாதிரி தோள்ல குறுக்கே மாட்டிக்கிட்டு ஆபீஸ் கிளம்பினேன். தெருமுனை தாண்டறதுக்குள்ள புரிஞ்சிடுச்சு. விழுந்தா அந்த ஆறு கிலோ முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கும். ஹேண்டில்பார்ல சுத்தினா வண்டி திரும்ப மாட்டேங்குது. பழைய ஜீன்ஸ் பேண்ட்டோட ஒரு காலை வெட்டி, சங்கிலியை உள்ளே விட்டு, பின் சீட்ல ரப்பர் கயிறு போட்டு இறுக்கினேன். நாலே நாள். அஞ்சாவது நாள் "இன்னிக்கு ஒரு நாள்தானே"ன்னு வீட்லயே வெச்சுட்டுப் போயிட்டேன். பூட்டு தோக்கற இடம் இதுதான். வீட்ல கிடக்கற 13 மி.மீ.யை விட கையோட வர்ற 10 மி.மீ. மேல்.

அதனால இப்போ ரெண்டு. பெரிசு வீட்ல நிரந்தரம். கொத்தனாரை வெச்சு வாசல் படியோரம் கான்கிரீட்ல ஒரு இரும்பு வளையம் பதிச்சோம். எதோடயும் கட்டாத வண்டி, சங்கிலி போட்டிருந்தாலும், நூறு கிலோ சொச்சம்தான். ரெண்டு பேர் தூக்கி குட்டியானையில ஏத்திட்டா முடிஞ்சது (ஆனையூருக்கு ஆனையாலயே ஆபத்து!). ஆபீஸ்ல வாட்ச்மேன் அண்ணன் இருக்கறதால, ஒரு மீட்டர் 10 மி.மீ. சங்கிலி மட்டும் கூட வரும். ரெண்டையும் சக்கரத்தோட நிறுத்தாம சட்டத்துக்குள்ள விட்டுத்தான் பூட்டறேன். சங்கிலி தரையில படாம பார்த்துக்கறேன். தரையில கிடந்தா, சுத்தியல்ல அடிக்கறவனுக்கு நாமளே பட்டறைக்கல் போட்டுக் கொடுத்த மாதிரி.

இப்போ கடைசி விஷயம். ரெண்டு மாசம் முன்னாடி நைட் ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தேன். தூக்கக் கலக்கத்துல சங்கிலி கை நழுவி வளையத்து மேல விழுந்துச்சு. ஆறு கிலோ இரும்பு, ஊரடங்கின தெருவுல. எதிர்வீட்டு ஆச்சி ஜன்னலைத் திறந்து, "யார்றா அது?"ன்னாங்க.

"நான்தான் ஆச்சி."

"நீயா... மூணாவது வீட்டுல போனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. சத்தம் கேட்டா பார்த்துருவேன்."

ஆச்சிக்குக் கூலி யாரும் கொடுக்கறதில்லை. மூணாவது வீட்டு வண்டி போன ராத்திரி ஒரு சத்தமும் வரலை, சைடு லாக்கை உடைக்க ஒரு உதை போதும். என் சங்கிலி வாங்கித் தர்றது சில நிமிஷம். அந்த நிமிஷத்துல எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. இரும்பு பதில் சொல்லாது, ஆனா சத்தம் போடும். பதில் கேக்க ஆச்சி இருக்காங்க.

போன வாரம் ஊருக்குப் போனப்போ ஆச்சி வீட்டுச் சாவியை எங்கம்மாகிட்ட கொடுத்துட்டுப் போனாங்க. ஒரு வாரம் ராத்திரி எதிர்வீட்டுல சின்னதா சத்தம் கேட்டாலும் எழுந்து பார்த்தது நான்தான்.

டிஸ்கி: சங்கிலிக்குத் துரு பிடிக்காம மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய்த் துணியால துடைங்க. பூட்டுச் சாவித் துவாரம் கீழ பார்த்தபடி இருக்கட்டும், மழைத்தண்ணி இறங்காது. ரெண்டாவது சாவியை பைக் சாவிக் கொத்துலயே போட்டு வெக்காதீங்க. அனுபவம்.