கைநாட்டும் கையெழுத்தும்

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த நாட்களில், பதிவேட்டைத் திருப்பி வைத்ததும் எதிரில் நிற்பவர் பேனாவை வாங்குகிறாரா, இடது கட்டைவிரலை நீட்டுகிறாரா என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. எந்தத் தெருக்காரர் என்று தெரிந்தால் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பிரான்சில் இதையே பெரிய ஆய்வாகச் செய்தவர் லூயி மஜியோலோ. அவரும் ஓய்வு பெற்ற கல்வி அதிகாரிதான். 1877 முதல் 1879 வரை, சுமார் 16,000 பள்ளி ஆசிரியர்களின் உதவியுடன் பழைய திருமணப் பதிவேடுகளில் மணமக்கள் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்று கணக்கெடுத்தார். சேன் மாலோவிலிருந்து ஜெனிவாவுக்கு ஒரு கோடு இழுத்தால், வடக்கே கையெழுத்துப் போட்டவர்கள் அதிகம், தெற்கே குறைவு.

தலைநகர் பாரிசுக்குள்ளும் அப்படி ஒரு கோடு உண்டு. பள்ளியில் பிரெஞ்சு படித்த எங்களுக்கு பாரிஸ் என்றால் சொர்போன்தான். 13ஆம் நூற்றாண்டில் ரோபேர் தெ சொர்போன் ஏழை மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரி அது. மாணவர்களும் ஆசிரியர்களும் லத்தீனில் பேசியதால் அந்தப் பகுதிக்கு லத்தீன் பேட்டை என்றே பெயர். இன்றும் அந்த 5, 6ஆம் வட்டாரங்களில் பட்டதாரிகள் நிறைந்திருக்கிறார்கள்.

கிழக்கே பெல்வீல் வேறு உலகம். 1853இல் பதவிக்கு வந்த ஒஸ்மான் நகரின் நடுவே பழைய வீடுகளை இடித்து அகலமான சாலைகள் போட்டார். வாடகை ஏறியது. தொழிலாளர்கள் கிழக்கு ஓரங்களுக்கு ஒதுங்கினார்கள். 1860இல் பெல்வீல் நகரோடு சேர்க்கப்பட்டது. ஆனால் சேர்ந்தது எல்லைதான், வாழ்க்கை அல்ல.

1881, 1882ஆம் ஆண்டுகளின் ஜூல் ஃபெரி சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கின. அவை பிள்ளைகளுக்கு. வளர்ந்தவர்களுக்கு மாலை வகுப்புகளே கதி. 1830இலேயே தொழிலாளர்களுக்கு இலவச வகுப்பு நடத்த ஒரு சங்கம் பிறந்தது. 1899இல், மரச்சாமான் செய்வோர் மிகுந்த சேன் அந்துவான் பகுதியில் மக்கள் பல்கலைக்கழகம் ஒன்று திறந்தது. பகலில் இழைப்புளி பிடித்தவர்கள் இரவில் சொற்பொழிவு கேட்டார்கள். பாரிஸ் நகராட்சி இன்றும் மாலையில் பள்ளிக் கட்டடங்களில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்துகிறது.

இப்போது கிழக்கு வட்டாரங்களிலும் பட்டதாரிகள் கூடியிருக்கிறார்கள். அதைப் படித்ததும் மகிழ்ந்தேன். யோசித்ததும் மகிழ்ச்சி குறைந்தது. பெல்வீலின் பழைய தொழிலாளி பட்டம் வாங்கியதால் மட்டும் எண் உயரவில்லை. படித்தவர்கள் குடியேற, வாடகை கட்ட முடியாத பலர் சேன்-சேன்-தெனி போன்ற புறநகர்களுக்குப் போனார்கள். அங்கே பட்டமில்லாத பெரியவர்களின் விகிதம் நகரத்தைவிட அதிகம்.

நானும் ஆண்டுதோறும் மேலிடத்துக்கு விகிதாசாரம் தயாரித்து அனுப்பியவன்தான். "முன்னேற்றம்" என்று எழுதிய கட்டத்துக்குப் பின்னால், யார் கற்றார்கள், யார் வீடு மாறிப் போனார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பகுதியின் எண்ணிக்கையை ஆட்களை மாற்றியும் உயர்த்திவிடலாம். கட்டைவிரலை நீட்டியவர் கையில் பேனாவைப் பிடிக்கவைப்பது மாலை வகுப்பு வாத்தியார் ஒருவர்தான்.